கழற்றும் நாளைக் குறித்துக்கொண்டு கம்பியைச் சுற்றுங்கள்

கொட்டிவாக்கத்திலும் அக்கம்பக்கத்துத் திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரையிலும் மொட்டைமாடியிலும் பால்கனியிலும் போன்சாய் வளர்க்கும் நண்பர்களுக்கு,



போன்சாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் தவறாமல் எழும் ஒரு வாக்குவாதத்தைப் பற்றி உங்களிடம் பேசவே இந்த மடல். கிளையை வளைக்கக் கம்பி சுற்றுகிறோம். சில மாதம் கழித்துக் கழற்றினால் பட்டையில் திருகாணியின் புரிபோலச் சுற்றிச் சுற்றி ஒரு பள்ளம் நிற்கிறது. இந்தத் தழும்பை ஏற்றுக்கொள்ளலாமா? வயரிங் செய்தால் தழும்பு வரத்தான் செய்யும், நாளாவட்டத்தில் மறைந்துவிடும் என்பது ஒரு கட்சி. தழும்பு விழுந்த மரத்தைப் பார்வைக்கே வைக்கக் கூடாது என்பது இன்னொரு கட்சி. கம்பியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நாம் அதிகம் வளர்க்கும் ஆல், அரசு, இச்சி முதலிய ஃபைக்கஸ் வகைகளில் ஆழமான கம்பித்தழும்பு ஏற்கத்தக்கதல்ல. கண்ணுக்கு உறுத்துகிறது என்பது சிறிய காரணம். அந்தத் தழும்பால் கிளைக்கு எந்த லாபமும் இல்லை, அதைத் தவிர்க்க நமக்குக் கூடுதல் திறமையும் தேவையில்லை என்பதே பெரிய காரணம். கம்பி கடித்தது என்று சொல்லி நாம் கம்பியின் மேல் பழிபோடுகிறோம். உண்மையில் நடந்தது, எடுக்க வேண்டிய நாளில் எடுக்காமல் விட்டதுதான்.

இதை மரத்தின் உள்ளிருந்தே விளக்க வேண்டும். கிளையை வளைத்துக் கம்பியால் பிடித்துவைத்த அன்று, உள்ளே இருக்கும் பழைய கட்டை அந்த வளைவை ஏற்கவில்லை. கம்பியை எடுத்தால் அப்போதே நிமிர்ந்துவிடும். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு இருக்கிறது. அது உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கிளை வளைந்து இருக்கும் காலத்தில் படியும் கட்டை, வளைந்த வடிவத்திலேயே உருவாகிறது. போதிய அளவு படிந்ததும், பழைய கட்டை நிமிரப் பார்த்தாலும் புதுக் கட்டை அதைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும். கிளை 'நின்றுவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். இப்போது அடுத்த படியைக் கவனியுங்கள். புதுக் கட்டை படிந்தால் கிளை பருக்கும். கிளை பருத்தால் அதைச் சுற்றிய கம்பி இறுகும். கிளையை நிறுத்துவதும் கம்பியை இறுக்குவதும் ஒரே வளர்ச்சி. ஆகவே கம்பி இறுகத் தொடங்கும் நேரம், தன் பங்கு வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று மரமே நமக்குச் சொல்லும் நேரம். அதற்குப் பிறகும் கம்பியை விட்டுவைத்தால் மிஞ்சுவது பள்ளம் ஒன்றுதான்.

அந்தப் பள்ளம் மேல்தோலில் விழுந்த கீறல் அன்று. இலையில் தயாராகும் சர்க்கரை, பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் கீழே இறங்குகிறது. கம்பி அந்த வழியை நசுக்கினால் சர்க்கரை மேற்புறம் தேங்கி அங்கே புடைக்கிறது. கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. பட்டையில் ஒரு வளையத்தை உரித்துவிட்டு ஈரப்பாசி வைத்துக் கட்டினால், வெட்டின் மேல்விளிம்பு புடைத்து வேர்விடுவது இதே தேக்கத்தால்தான். கம்பி முழு வளையமாக இல்லாமல் சுருளாகப் போவதால், இரண்டு சுற்றுக்கு நடுவே சாய்வான ஒரு பாதை தப்பிக்கிறது. அதனால்தான் கம்பி கடித்த கிளை சட்டென்று சாவதில்லை. சுருள் சுருளாகப் புடைத்துக்கொண்டு போகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கிளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. சென்னைச் சாலையோரத்தில் கன்றைக் காக்கப் போட்ட இரும்புக் கூண்டை யாரும் எடுக்காமல் விட, அடிமரம் அதை விழுங்கிக்கொண்டு வளர்ந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மரம் பிழைத்துக்கொண்டது உண்மை. அதற்காகக் கூண்டை அப்படியே விட்டது சரி என்று யாரும் சொல்ல மாட்டோம். தொட்டிமரத்துக்கும் அதே நியாயம்தான்.

கம்பியை எத்தனை மாதம் வைக்கலாம் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிவரும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். போன்சாய்ப் பாடம் பெரும்பாலும் ஜப்பானியப் பழக்கத்தை ஒட்டியது. 1923-இல் டோக்கியோவைக் குலைத்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, நகரைவிட்டு வெளியேறிய வளர்ப்பாளர்கள் 1925-இல் சைத்தாமாவின் ஓமியாவில் போன்சாய்க் கிராமத்தை அமைத்தார்கள். 1934-இல் தொடங்கிய கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி இப்போதும் பிப்ரவரிக் குளிரில் டோக்கியோவில் நடக்கிறது. அங்கே பைனும் ஜூனிபரும் முதன்மை மரங்கள். குளிர்காலத்தில் மரம் உறங்கும். அப்போது நிதானமாகக் கம்பி சுற்றலாம். வசந்தத்தில் விழித்து வளர்ந்து, இலையுதிர்காலத்தில் பருக்கும்வரை கம்பி கிளையில் இருக்கலாம். ஓராண்டுவரை வைக்கலாம் என்பது அந்த மரத்துக்கும் அந்தக் குளிருக்கும் பொருந்தும் கணக்கு. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே. நமக்கு ஜனவரி இரவுகளின் சராசரி வெப்பநிலைகூட 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. தண்ணீரும் உரமும் இருந்தால் நம் ஃபைக்கஸ் ஆண்டு முழுவதும் வளரும். மார்கழி, தையில் கொஞ்சம் நிதானிக்குமே தவிர உறங்காது. வீரியமாகத் துளிர்க்கும் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரத்திலேயே கம்பி பதியத் தொடங்கிவிடும். இந்த மரத்தின் மேல் பைன் மரத்தின் நாட்காட்டியைப் போட்டதால்தான் நம் மொட்டைமாடிகளில் இத்தனை தழும்பு.

கம்பி இறுகுவதை எப்படிக் கண்டுகொள்வது? சரியாகச் சுற்றிய கம்பி பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும், அழுத்தாது. உருண்டையான கம்பி கிளையின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதன் இரு ஓரத்திலும் இழைபோன்ற நிழல்கோடு தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அது துல்லியமாக இருக்கும். கிளை பருக்கப் பருக்க அந்தக் கோடு மெலிந்துகொண்டே வரும். கோடு மறைந்து பட்டை கம்பியின் ஓரத்தோடு ஒட்டிவிட்டால், அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். பட்டை இருபுறமும் மேலெழும்பிக் கம்பி பாதி புதைந்தாற்போல் தெரிந்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். மரத்தின் உச்சியை ஒட்டிய கிளைகளும், அடிமரத்தோடு கிளை சேரும் இடமும் மற்ற இடங்களுக்கு முன்பே பருக்கும். ஒரு சுற்று அங்கே இறுகிவிட்டால் மற்ற சுற்றுகள் தளர்வாக இருக்கின்றன என்று காத்திருக்கக் கூடாது. எடுக்கும்போது கம்பியைப் பிரித்துச் சுழற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். கட்டரின் முனையைக் கிளைக்குக் குறுக்காக வைத்து ஒவ்வொரு சுற்றையும் வெளிப்புறத்தில் துண்டியுங்கள். திறந்த வளையங்களாகத் தானே உதிரும். பிரித்து இழுத்தால் இளங்கிளை முறியும், பட்டை கிழிந்து பால் வடியும். இன்னொரு முழம் அலுமினியக் கம்பி கடையில் கிடைக்கும். மூன்று ஆண்டு வளர்த்த கிளை கிடைக்காது.

சுற்றும்போதே தழும்புக்கு வித்திடுகிற பழக்கம் ஒன்றும் இருக்கிறது. கட்டடவேலையில் கம்பி கட்ட உதவும் கட்டுக்கம்பி கைக்கு எளிதாகக் கிடைப்பதால் அதையே கிளையில் சுற்றுகிறார்கள். கடலுக்கு இத்தனை அருகில், உப்புக்காற்றில், இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். அதன் கறை பட்டையில் இறங்கும்; டானின் மிகுந்த சவுக்குப் பட்டையில் கருமையாகவே பிடித்துவிடும். மெல்லிய கம்பியாக இருந்தால் கிளை நிற்கவில்லை என்று நெருக்கி நெருக்கிச் சுற்றத் தோன்றும். மெல்லிய கம்பிதான் ஆழமாகவும் அறுக்கும். கிளையின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பியை 45 டிகிரிச் சாய்வில், சுற்றுக்குச் சுற்று சம இடைவெளி விட்டு, வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி தாங்கும்படி சுற்றினால் ஒரே கம்பி போதும். இது எல்லாப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லித் தரப்படுவது. எப்போது எடுப்பது என்பதைத்தான் நாம் அதே அக்கறையோடு சொல்லித் தருவதில்லை.

சீக்கிரம் எடுத்தால் கிளை பழையபடி நிமிர்ந்துவிடுகிறதே என்பது நியாயமான மறுப்பு. சில கிளைகள் கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். பருத்த கிளையில் பழைய கட்டையின் விசை அதிகம் என்பதால் ஒருமுறை சுற்றியது போதாது. அதற்கு வழி மீண்டும் சுற்றுவதே. முதல் கம்பி போன தடத்தை விட்டு, எதிர்த்திசையிலோ சுற்றுகளுக்கு நடுவிலோ புதுக் கம்பியைக் கொண்டுபோனால் பட்டையின் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்தாது. ஆறாறு வாரமாக இரண்டு தடவை சுற்றிய கிளை, பன்னிரண்டு வாரம் ஒரே கம்பியில் கிடந்த கிளையைப் போலவே நிற்கும். தழும்பு மட்டும் இருக்காது. விரலைவிடப் பருத்த கிளையென்றால் சுற்றுவதையே விட்டுவிட்டு இழுகம்பி போடலாம். கிளையைத் தொடும் இடத்தில் மட்டும் ரப்பர் குழாய்த் துண்டைக் கோத்து, மறுமுனையைத் தொட்டியின் விளிம்பிலோ கெட்டியான வேரிலோ கட்டினால் பட்டை அழுந்துவது ஒரே ஒரு புள்ளியில்தான். அதை எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் புள்ளியை நகர்த்தினால் போதும். வேலை கொஞ்சம் கூடுகிறது. அதை மறுக்கவில்லை. அந்த வேலையை நாம் செய்யாவிட்டால் அதன் செலவை மரம் தன் பட்டையில் கொடுக்கிறது.

தழும்பு காலப்போக்கில் மறையும் என்பது அடுத்த வாதம். மரத்துக்கு மரம் இது வேறுபடும். புளி, கொடுக்காப்புளி, சவுக்கு ஆகியவற்றின் பட்டை வயதாக ஆக வெடித்துச் சொரசொரப்பாகும். ஆழமில்லாத தடம் அந்த வெடிப்புகளில் கலந்துவிடும். இவற்றில் லேசான தடத்தைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆலும் அரசும் இச்சியும் அப்படியல்ல. பெருமரமான பிறகும் பட்டை பெரிதும் வழுவழுப்பாகவே இருப்பது இவற்றின் இயல்பு. அந்தச் சாம்பல்நிறப் பட்டையின் ஒழுங்குதான் சிறிய தொட்டியில் ஒரு பெரிய மரத்தின் தோற்றத்தைத் தருகிறது. மேலோட்டமான ரேகையாக மட்டும் விழுந்த தடம் ஓரிரு ஆண்டில் விரிந்து மங்கும் என்பது உண்மையே. ஆழமாக விழுந்து புடைத்த தடம் கிளையோடு சேர்ந்து தானும் வளரும். கிளை அடியில் பருத்து நுனியில் மெலிய வேண்டிய இடத்தில், நடுவில் புடைத்தும் முன்னால் ஒடுங்கியும் தெரியும். அதற்கு மருந்து காலம் அல்ல, வெட்டுதான்: தழும்புக்குக் கீழே வெட்டிப் புதுத் துளிரை விட வேண்டும். ஃபைக்கஸ் தாராளமாகத் துளிர்க்கும் என்பது நல்ல செய்தி. அப்படி வெட்டினால் இழப்பது அந்தக் கிளைக்கு நாம் கொடுத்த ஆண்டுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜப்பானிய வல்லுநர்களே வேண்டுமென்று கம்பியைப் பதிய விடுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். விடுகிறார்கள். இளம் பைன், ஜூனிபர் கன்றுகளின் அடிமரத்தை முறுக்கிக் கம்பியைப் பதியவிட்டு, அந்தப் புடைப்பால் அடிமரத்தைச் சீக்கிரம் பருக்க வைக்கும் உத்தி அங்கே உண்டு. ஆனால் அதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. அடுக்கடுக்காக உரியும் பட்டையுள்ள மரமாக இருக்க வேண்டும். கன்றுப் பருவத்தில் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் புடைப்பு அடிமரத்தில் கரைந்துபோகும் அளவுக்கு நெடுங்காலம் வளர்க்க வேண்டும். வழுவழுப்பான பட்டையுள்ள மரத்தில், முதல் கிளையில், கண்காட்சிக்கு முந்தின ஆண்டில் விழுந்த தழும்புக்கு இந்த உத்தியைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. திட்டமிட்டுச் செய்ததும் மறந்துபோனதும் மேலுக்கு ஒன்றுபோல் தெரியலாம். விளைவு ஒன்றாக இருக்காது.

கம்பியே வன்முறை, தழும்பைப் பற்றி மட்டும் பேசி என்ன பயன் என்பவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. தென்சீனத்தின் குவாங்சோவை மையமாகக் கொண்ட லிங்னான் மரபினர் கம்பியை மிகக் குறைவாகவே நம்பி, வெட்டி வளர்த்தே வடிவம் கொண்டுவந்தார்கள். கிளையைத் தேவையான பருமன் வரும்வரை ஓடவிட்டு, நாம் விரும்பும் திசையைப் பார்க்கும் மொட்டுக்கு மேலே வெட்டுவது. அதிலிருந்து வரும் துளிரையும் அப்படியே வளர்த்து வெட்டுவது. ஒவ்வொரு வெட்டிலும் கிளை திசைமாறி, ஒரு படி மெலிந்து, வயதான மரத்தின் முடிச்சையும் முறுக்கையும் பெறும். அந்த ஊரும் வெப்பமான ஊர். மரங்கள் வேகமாகத் துளிர்க்கும். அவர்கள் விரும்பி வளர்க்கும் ஃபுஜியன் தேயிலைச் செடி, நம் புதர்க்காடுகளில் குரங்கு வெற்றிலை என்று அறியப்படும் செடிதான். நமக்கு ஓமியாவைவிடக் குவாங்சோ நெருக்கமான பாடசாலை என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் கம்பியை அடியோடு தள்ளிவிட இது போதாது. அடிமரத்திலிருந்து முதலில் எந்தக் கோணத்தில் கிளை புறப்படுகிறது என்பதைக் கத்தரி மட்டும் தீர்மானிக்க முடியாது; இளங்கிளையில் ஐந்தாறு வாரம் இருக்கும் கம்பி அதைத் தீர்மானித்துவிடும். கடலோரத்தில் காற்று வளைத்த மரங்களும் வளைந்தபடியே கட்டை வைத்து வாழ்கின்றன. வளைப்பது மரத்துக்குத் தாங்கக்கூடியது. பட்டையை நசுக்குவதுதான் கொடுமை. அது தேவையும் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், நாம் எந்த வடிவத்துக்காக இத்தனை கம்பி சுற்றுகிறோம் என்பது. ஊசியிலை மரத்தின் கிளைகள் பனியின் பாரத்தில் கீழ்நோக்கிச் சரியும். அந்தச் சரிவை ஃபைக்கஸில் கொண்டுவர ஒவ்வொரு கிளையையும் அதன் இயல்புக்கு எதிராக இறக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. நீண்ட நாள் கம்பியும் ஆழமான தழும்பும் பெரும்பாலும் அங்கேதான். நம் கைக்கெட்டும் தூரத்தில், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில், ஏறக்குறைய 450 ஆண்டு வயதானது என்று சொல்லப்படும் ஆலமரம் இருக்கிறது. 1989 புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. ஊன்றிய விழுதுகளின் மேல் மரம் இன்னும் நிற்கிறது. அதன் கிளைகள் கீழே சரிவதில்லை; நீளவாட்டில் ஓடி, விழுதை ஊன்றிக்கொண்டு மேலும் ஓடுகின்றன. ஆல் போன்சாய்க்கு அதைவிட நல்ல மாதிரி வேறு வேண்டாம். அந்த வடிவத்துக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் கம்பி, பிறகு கத்தரி, பிறகு விழுதுக்கு வழிசெய்தல் போதும். கம்பி குறைந்தால் தழும்பின் பேச்சும் தானே குறையும்.

ஆகவே எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதற்கு ஓர் அளவுகோலை உங்கள் முன் வைக்கிறேன். பழகும் மரத்தில், புதியவர் கையில் விழும் தழும்பைக் குற்றமாகப் பேசக் கூடாது. அதைப் பாராட்டவும் கூடாது, ஏன் விழுந்தது என்று சொல்லித் தர வேண்டும். சொரசொரப்பான பட்டையில் லேசான தடம் இருந்தால் கண்காட்சிக்கு வைக்கலாம். வழுவழுப்பான பட்டையில் மங்கிவரும் ரேகையையும் ஏற்கலாம். அதே பட்டையில், முன்பக்கத்தில், அடிமரத்திலோ முதல் மூன்று கிளைகளிலோ புடைத்த சுருள் இருந்தால் அந்த மரம் இன்னும் தயாராகவில்லை. வேறு எத்தனை சிறப்பு இருந்தாலும் பரிசுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பியோடு பார்வைக்கு வைத்த மரத்தைவிடத் தழும்போடு வைத்த மரம்தான் பெரிய குறை. ஒழுங்காகச் சுற்றிய கம்பி நடந்துகொண்டிருக்கும் வேலையைக் காட்டுகிறது. தழும்பு கைவிட்ட வேலையைக் காட்டுகிறது. நர்சரிக்காரர்கள் நூற்றுக்கணக்கான தொட்டிகளில் நாள் பார்த்துக் கம்பி எடுக்க முடியாது என்பார்கள். அவர்கள் சிரமம் புரிகிறது. வாங்குகிற நாம் இலையை விலக்கிக் கிளையைப் பார்த்து, கம்பி புதைந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால், ஈசிஆர் சாலை நெடுகிலும் விற்பனைக்கு நிற்கும் எஸ் வடிவ ஃபைக்கஸ்களின் பட்டையில் மாற்றம் தெரிய அதிக நாள் ஆகாது.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். கம்பி சுற்றும் ஒவ்வொரு மரத்திலும் ஒரு சீட்டைக் கட்டி, சுற்றிய தேதியையும் நான்கு வாரம் கழித்துப் பார்க்க வேண்டிய தேதியையும் எழுதுங்கள். வெளியூர் போவதாக இருந்தால், நீங்கள் இல்லாத நாட்களில் அந்தத் தேதி வருமானால், புறப்படும் முன்பே கம்பியை எடுத்துவிடுங்கள்; கொஞ்சம் நிமிர்ந்த கிளையை மீண்டும் வளைக்கலாம், புடைத்த பட்டையைத் திரும்பச் சமன்படுத்த முடியாது. மூன்றாவதாக, நீங்கள் யாருக்காவது வயரிங் சொல்லித் தருவீர்கள் என்றால், அவர் கையில் முதலில் கட்டரைக் கொடுத்துக் கம்பி எடுக்கப் பழக்குங்கள். சுற்றுவதை அதற்குப் பிறகு சொல்லித் தாருங்கள்.

அன்புடன்,
கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு போன்சாய் ஆர்வலர்